கட்டிலில் மாமியார்

ஆலைகள் எல்லாம் மூடி, வீட்டு எலிகள்கூட வேறு வீடு பார்த்துப் போய்விட்ட காலம். நிவாரண அதிகாரி வீட்டுக்குள் நுழைவதைக் கண்டதும் தையல்காரர் ஓடிப்போய்க் கட்டிலை மறைத்து நின்றார். விற்கக்கூடிய பொருள் ஒன்று வீட்டில் இருந்தாலும் அரசு உதவி கிடையாதே!

"கட்டில்ல யாரு?"

"என் மாமியார் சார். தொத்து வியாதி, கிட்டப் போகாதீங்க!"

போர்வை அசையவில்லை. மனைவி மூக்கைச் சிந்தினாள்.

"வீட்ல வேற எதுவும் இல்லையா?"

"துடைச்சு வெச்ச மாதிரி இருக்கோம் சார்."

"அடடா! நேத்துதான் சட்டத்தை மாத்தினாங்க. தையல் மெஷின் இருக்கிறவங்களுக்கு வருஷம் முழுக்கப் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற வேலை. சரி, வரேன்."

தையல்காரர் ஒரே பாய்ச்சலில் போர்வையை உருவினார். தையல் மெஷின் ஒய்யாரமாகக் கால் நீட்டிப் படுத்திருந்தது.

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டார். "மாமியாருக்கு உடம்பு தேவலையா?"

"ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டாப் போதும் சார், நாளைக்கே நாற்பது சட்டை தைப்பாங்க!"