துணையின் கையெழுத்து

"மறுபடியும் அதே ஆள், அதே வார்த்தை!"

ரெப் அன்ஷெல் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கண்ணாடி இல்லாமல் பார்த்தால் பார்த்த கணக்கில் சேராது என்பது அவர் நம்பிக்கை. வார்த்தை, 'மார்பு'.

பக்கத்து மேசை லீபா எட்டிப் பார்த்தான். "யாரு, 4186-ஆ?"

"அவனேதான். மூணாவது தடவை. டாக்டர் படிக்கச் சொன்னாராம், திங்கட்கிழமைக்குள்ள பக்கத்தைத் திறந்து விடணுமாம். மாட்டிக்கிட்டா போதும், உடனே ஒரு டாக்டரை இழுத்துடறானுங்க."

பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில், ஆசாரமான யூதர்களான எங்கள் சனங்களின் வீட்டுக்குள் இணையம் நுழைய வேண்டுமென்றால் இந்த அலுவலகத்தின் வடிகட்டியைத் தாண்டித்தான் வரவேண்டும். தடுத்த பக்கம் வேண்டுமானால் விண்ணப்பம் போடலாம். கேட்பவர் கூச்சப்படக் கூடாதென்று அதில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான்.

விண்ணப்பங்களைப் படித்துத் தீர்ப்புச் சொல்லும் நாற்காலியில் பதினோரு வருஷமாக ரெப் அன்ஷெல்; 'ரெப்' என்பது எங்களில் 'ஐயா' மாதிரி மரியாதைச் சொல். வரும் ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில், தகாததைப் பார்க்காமல் 'கண்ணைக் காத்தல்' பற்றி அவர்தான் பேசுகிறார். கூட்டம் தேம்பித் தேம்பி அழும் என்று இப்போதே எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

காலையில் ஒரு இறைச்சிக் கடைக்காரரின் பக்கமும் இதே வார்த்தையில் சிக்கியிருந்தது. முக்கால் மணி நேரம் ஆராய்ந்து, கோழியுடையதுதான் என்று திருப்தியான பிறகே திறந்துவிட்டார்.

"ஒருவேளை நிஜமாவே நோயாளியா இருந்தா?" என்றான் லீபா.

"அதுக்குத்தானே என் படிவம்!"

படிவம் அவருடைய கண்டுபிடிப்பு. சந்தேகமான பக்கம் கேட்பவர், வீட்டில் துணையிடம் அதைக் காட்டிக் கையெழுத்து வாங்கி அனுப்ப வேண்டும். அது வந்த மாதமே விண்ணப்பங்கள் பாதியாகக் குறைந்தன. ஊரில் பாவமே பாதியாகிவிட்டதாக ரெப் அன்ஷெல் எடுத்துக்கொண்டார்.

"நிஜ நோயாளின்னா வீட்டுல சொல்லாமலா இருப்பாங்க? இவன் போய்ப் பொண்டாட்டி முன்னாடி நீட்டட்டும், பாக்கலாம்!"

தொலைபேசி அடித்தது. மனைவி ஹிண்டா.

"என்னங்க, இந்த ஓய்வுநாளுக்கு ரொட்டி கடையில வாங்கிட்டு வந்துடுறீங்களா? மாவு பிசைய முடியலை. இடது கையைத் தூக்கினாலே வலிக்குது."

"முப்பது வருஷத்துல நம்ம மேசையில கடை ரொட்டி வந்ததில்லையே! சரி, எள்ளு போட்டதா, போடாததா?"

"ஏதோ ஒண்ணு. அப்புறம்... உங்ககிட்ட ஒரு விஷயம்..."

"சாயங்காலம், சாயங்காலம். இங்க ஒருத்தனோட ஆத்மாவைக் காப்பாத்திக்கிட்டு இருக்கேன்."

காப்பாற்றும் வேலை தொடர்ந்தது. 'முதலில் துணையிடம் காட்டிக் கையெழுத்துப் பெறவும். மறைக்க ஒன்றுமில்லாதவர்கள் இதற்கு வெட்கப்பட மாட்டார்கள்' என்று பதில் தட்டினார். கடைசி வரி அவருக்கே ரொம்பப் பிடித்துப்போய், லீபாவுக்கு உரக்க ஒருமுறை வாசித்துக் காட்டினார். படிவத்தைச் சேர்த்து அனுப்பினார்.

"இனிமே எழுத மாட்டான் பாரு."

"யாரும் எழுத மாட்டாங்க, ரெப் அன்ஷெல்" என்றான் லீபா. ரெப் அன்ஷெல் அதைப் பாராட்டு என்றே நினைத்தார்.

மாலையில் எள்ளு ரொட்டி இரண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, மழையில் நனைந்தபடி வீடு வந்தார். ஹிண்டா சூப்பை ஒரு கையாலேயே ஊற்றி வைத்தாள்.

"இன்னிக்கு ஒருத்தன் வசமா மாட்டினான், ஹிண்டா" என்று ஆரம்பித்தார். "பேரு தெரியாது, தெரிஞ்சாலும் சொல்லக் கூடாது. கண்ட பக்கத்தையும் திறந்து விடுன்னு மூணு தடவை கேக்கிறான். வெட்கங்கெட்ட ஜென்மம்! நான் விடுவேனா? ஒரே வரி. ஞாயித்துக்கிழமை மேடையில இதைத்தான் முதல்ல சொல்லப்போறேன்."

ஹிண்டா கடைசி வரைக்கும் கேட்டாள். சூப் பாத்திரத்தை மூடி வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு, மேலங்கிப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து அவர் தட்டோரம் வைத்தாள்.

"நீங்க வந்ததும் காட்டணும்னு இருந்தேன்."

பிரித்தார். அவர் அனுப்பிய பதில், அதன் கீழே அவருடைய படிவம். மேல் மூலையில் 4186.

கரண்டி பாதி வழியில் நின்றது. சூப் தாடியில் சொட்டியது. தன்னுடைய கடைசி வரியை அவர் மறுபடி படித்தார், இந்தத் தடவை கண்ணாடியோடு.

இடது கை வலி. கடை ரொட்டி. திங்கட்கிழமை. ஒவ்வொன்றாக வந்து உறைத்தபோது காது மடல் வரைக்கும் சுட்டது. என்ன நோய் என்று கேட்க நா எழவில்லை. அதற்கு அந்த வார்த்தையைச் சொல்லியாக வேண்டும். வாழ்க்கையில் முதல்முறையாக, யார் போதனையும் இல்லாமல் ரெப் அன்ஷெல் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

ஹிண்டா பேனாவை நீட்டினாள்.

"வெட்கப்படாம கையெழுத்துப் போடுங்க."