வாய்க்கரிசி

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர்களின் காதுக்குள் ஒரு கருவி இருக்கும். லேசான தலைசுற்றலைக் கண்டுபிடித்தாலும் அது அலறும். அந்த நொடியே உரிமம் ரத்து. வீட்டிலும் அதைக் கழற்ற முடியாது. குனியப் போனாலே உலகம் சுழலப் பார்ப்பதை, எதற்கும் குனியாமலே மூன்று மாதமாக மறைத்து வந்தாள் பூங்கோதை.

இன்று அவள் அப்பா இறந்துவிட்டார்.

"குனிஞ்சு போடு தாயி. அப்பா மொகத்தக் கடைசியா ஒருதரம் பாத்துக்க," என்று அத்தை அரிசியைக் கையில் கொடுத்தாள்.

பூங்கோதை மெல்ல மண்டியிட்டாள். கழுத்தை அசைக்காமல், எதிர்ச்சுவரையே பார்த்தபடி, வாய் இங்கேதான் இருக்கும் என்று கையை விரித்தாள்.

காதில் சத்தமில்லை.

"ஐயோ, கண்ணுல போட்டுட்டியே!"

அப்போதும் அவள் குனியவில்லை.