மிச்சமிருந்த ஒரே பாடம்

மகிழினி எல்.கே.ஜி.யிலிருந்தே கல்லூரிப் பாடங்களை முன்கூட்டியே படித்து கிரெடிட் சேர்த்தவள். சேர்க்கை நாளன்று, ஹாஸ்டலுக்கென்று ஆசையாக வாங்கிய புது வாளியோடு அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"எல்லா கிரெடிட்டையும் கழிச்சுட்டா பொண்ணு இன்னைக்கே பட்டதாரி சார்," என்றார் கல்லூரி ஆலோசகர். "கேன்டீன் அரட்டைக்குக்கூட ஒன்பதாவதுலயே கோச்சிங் முடிச்சிருக்கா."

"கழிச்சிடுங்க," என்றார் அப்பா பெருமை பொங்க.

"ஒரே ஒரு பாடம்தான் பாக்கி. சுயமா முடிவெடுக்கிறது. அதுக்கு ஒரு வருஷம் இங்கேயே தங்கிப் படிக்கணும். என்னம்மா, படிக்கிறியா?"

மகிழினி வாளியை இறுகப் பிடித்தபடி வாயைத் திறந்தாள்.

"அவளுக்கு எதுக்கு சார் அது? வீட்லயே நல்லா சொல்லிக்கொடுத்திருக்கோம். அதுக்கும் கிரெடிட் போட்டுடுங்க," என்றார் அப்பா.

உடனே பட்டம் கைக்கு வந்தது. சுருட்டி வைத்தபோது வாளிக்குள் கச்சிதமாகப் பொருந்தியது.