முதுகளவு கறுப்பு

வெள்ளைக்காரத் துரை கட்டிய விஸ்கி ஆலை கொடிகட்டிப் பறந்த நாளில், பீப்பாய்களில் கசிந்த சாராய ஆவியைக் குடித்தே தெருச் சுவர்களிலெல்லாம் கரும்பூஞ்சை கொழுத்தது. ஆலைக்குப் பூட்டு விழுந்ததும் அதுவும் பட்டினியில் உதிர்ந்தது. எஸ்தர் வீட்டுச் சுவரில் மட்டும் ஓராள் முதுகளவு மிச்சம். பீப்பாய்க் கிடங்கு வேலை முடிந்து, அந்த ஆவி ஊறிய சட்டையோடு வந்து அவள் புருஷன் மாசிலாமணி சாய்ந்து நிற்கும் இடம். அவனும் போய்ச்சேர்ந்தாயிற்று.

“கிறிஸ்மஸுக்காவது வெள்ளையடிங்கக்கா, தெருவுக்கே அசிங்கம்!” என்றாள் எதிர்வீட்டு ரெஜினா.

“மொதல்ல உன் வீட்டுக்காரன் மூஞ்சிக்கு அடிடி.”

வாய்க்குக் குறைச்சலில்லை. ஆனால் அந்தக் கறுப்பும் நாளுக்கு நாள் வெளுப்பது எஸ்தருக்குத் தெரியாதா?

மதுவிலக்குக்காக உபவாச ஜெபம் நடத்துகிறவள், மறுநாள் ஒயின்ஷாப் வரிசையில் நின்றதை நாலுபேர் பார்த்தார்கள். வாங்கி வந்த விஸ்கியைக் கிண்ணத்தில் ஊற்றிச் சுவரடியில் வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, ஆவி சுவர்ப்பக்கம் போகும்படி முந்தானையால் மெல்ல விசிறிக்கொண்டிருந்தாள்.