ஸ்பானிஷ் தெரிந்த வக்கீல் தேவை

“ஒரு பொண்ண ஊருக்கு அனுப்புறதுக்கு எதுக்குண்ணே இம்புட்டுப் படிச்ச வக்கீலு? பிளேன் டிக்கெட் எடுத்தாப் பத்தாதா?” என்றார் சோமு.

முத்துராமலிங்கம் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். நாச்சியாபுரத்தில் நாலு தலைமுறையாக நிலம் வைத்திருக்கும் குடும்பம். அவர் உட்கார்ந்தால் நாற்காலியே முதுகை நிமிர்த்திக்கொள்ளும்.

அவர் கையில், மகன் கண்ணன் சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய விவாகரத்துப் பத்திரம் இருந்தது. ஆங்கிலத்தில் பதினோரு பக்கம். ஒன்பதாம் பக்கத்தில், ஒன்றரை வயதுக் குழந்தை ரோகிணி கண்ணனுக்கே என்று போட்டிருந்தது. கடைசிப் பக்கத்தில் மருமகள் மரிசோல் கையெழுத்துப் போட்டால் எல்லாம் முடிந்தது.

மரிசோல் கொலம்பியாக்காரி. அவளுக்கு ஆங்கிலம் அரைகுறை. தமிழ் “வாங்க, சாப்பிடுங்க” வரைக்கும் வந்திருக்கிறது. அவளுடைய ஸ்பானிஷ் தெரிந்த ஒரே ஆள் கண்ணன்தான். விரும்பிக் கட்டிக் கூட்டிவந்து, அப்பா வீட்டில் இறக்கிவிட்டு, ஏழு மாதமாகச் சிங்கப்பூரில் ரொம்ப வேலையாக இருக்கிறான்.

சோமு, காரைக்குடியில் முப்பது வருடம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவர், தூரத்துச் சொந்தம். மதுரை வரைக்கும் சொல்லிவைத்து, ஸ்பானிஷ் தெரிந்த குடும்ப வழக்கு வக்கீல்கள் மூன்று பேரைத் திரட்டியிருந்தார்.

முதல் ஆள் சிவகங்கை. “இருநூத்துப் பன்னெண்டு நாளா, ஒரு நாள் விடாம, போன்லயே படிக்கிறேன் சார்” என்று சொல்லி, இரண்டு வாக்கியம் பேசி அர்த்தமும் சொன்னார். பூனை பால் குடிக்கிறது. என் மாமாவிடம் சிவப்புக் குடை இருக்கிறது.

பூனையும் குடையும் கோர்ட்டு ஏறும் நாளில் அவரை யாரும் அசைக்க முடியாது. அதுவரைக்கும் பொறுத்திருக்கும்படி அனுப்பிவைத்தார்கள்.

இரண்டாவது ஆள் மதுரை. ஸ்பெயினிலேயே இரண்டு வருடம் படித்தவர். சோமுவுக்கு வாயெல்லாம் பல்.

“எம் மகனத் தெரியுமா உங்களுக்கு?” என்று கேட்டார் முத்துராமலிங்கம்.

எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்விக்குத் தெரியாது என்று சொல்பவன் பிழைக்கத் தெரியாதவன். வக்கீல் முகம் மலர்ந்தது. “என்ன இப்படிக் கேட்டுட்டீக! கண்ணன் எனக்கு மச்சான் முறை. எங்க அம்மாவும் உங்க வீட்டம்மாவும்…”

“காபி குடிச்சிட்டீகளா தம்பி? நல்லது. போயிட்டு வாங்க.”

சோமு தலையில் கை வைத்தார். “நம்ம சொந்தம்ணே! பாஷையும் தண்ணியாப் பேசுறாரு. ஊரே பேசுது, வீட்டு மானம் போகுது, சட்டுனு முடிப்பீகளா…”

“அந்த மானத்துக்குத்தான்டா வக்கீல் பாத்துக்கிட்டு இருக்கேன்.”

அப்போது கண்ணனே போனில் வந்தான். “அப்பா, அவ கையெழுத்துப் போட்டுட்டாளா?”

“இன்னும் இல்லப்பா. அவ பாஷை தெரிஞ்ச வக்கீலாத் தேடுறேன்.”

“அதுவும் சரிதான். பின்னால புரியலன்னு சொல்லிறக் கூடாதுல்ல. நல்ல கெட்டிக்கார ஆளாப் பாருங்கப்பா, செலவ நான் பாத்துக்கிறேன்.”

“சொல்லிட்டீல்ல, பாத்துர்றேன்” என்று வைத்தார்.

மூன்றாவது ஆள் கிருஷ்ணப்ரியா. காரைக்குடியிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். அதற்கே சோமு பாதி மார்க்கைக் குறைத்துவிட்டார்.

“ஸ்பானிஷ் எங்கம்மா படிச்ச?”

“படிக்கலங்கய்யா. வக்கீலுக்குப் படிக்கிறதுக்கு முன்னாடி மூணு வருசம் கால் சென்டர்ல மெக்சிகோக்காரகிட்ட ஏச்சு வாங்குனேன். ஏச்சு வாங்குனாத் தானா வந்துரும்.”

“எம் மகனத் தெரியுமா?”

“பாத்ததே இல்ல. நான் உங்களுக்குச் சொந்தமும் இல்ல.”

சோமு மீதி மார்க்கையும் குறைத்தார். முத்துராமலிங்கம் உள்ளே பார்த்துக் குரல் கொடுக்க, மரிசோல் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

கிருஷ்ணப்ரியா ஏதோ கேட்டார். மரிசோல் ஒரு வார்த்தை சொன்னாள். பிறகு ஒன்பது. பிறகு நிறுத்தவே இல்லை. நடுவில் அழுதாள், ஒருதரம் சிரிக்கக்கூடச் செய்தாள். இவ்வளவு பேசக்கூடியவள் என்பது அந்த வீட்டுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அரை மணி நேரம் கழித்து அவள் உள்ளே போனதும் சோமு பாய்ந்தார். “என்ன சொல்லுச்சு?”

“அத உங்ககிட்டச் சொல்ல முடியாதுங்கய்யா. அவுக என்னைய நம்பிச் சொன்னது.”

“இந்தாம்மா, பீஸ் குடுக்கிறது எங்கண்ணன்!”

“குடுத்தாலும்தான்.”

சோமு பஸ் நேரம் பார்க்க ஆரம்பித்தார். முத்துராமலிங்கமோ எழுந்து, மேஜையைக் கிருஷ்ணப்ரியா பக்கம் நகர்த்தினார். “வக்கீல் கெடச்சாச்சு சோமு. நாளைக்கே கோர்ட்டுல போடணும். எழுத ஆரம்பிம்மா.”

சோமுவுக்கு உயிர் வந்தது. காரியம் நடந்தால் சரி. “அப்பாடா! எழுதுங்கம்மா. மனுதாரர் கண்ணன்…”

“இல்ல, மனுதாரர் மரிசோல்.” முத்துராமலிங்கத்தின் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது. “எதிர்மனுதாரர் கண்ணன், தகப்பனார் பேரு முத்துராமலிங்கம்.”