முகம் மறைத்த ஆட்டம்

கூடத்தில் இருந்தவர்கள் ராசாங்கம், அவர் மனைவி பேச்சியம்மாள், சம்பந்தி காமாட்சிநாதன், மூன்றே பேர்தான்.

வீட்டில் டிவியில் ஆட்டம் பார்த்து ரசிகர்கள் போடும் மதிப்பெண் குறைந்தால் ராசாங்கத்தின் மகள் தேன்மொழிக்குக் கூடைப்பந்து அணியில் இடமில்லை. "என் மருமகதான், ஆனாலும் பந்தை யாருக்கும் கொடுக்க மாட்டா" என்று நான்கு வருடமாகக் குத்திக்காட்டுபவர் சம்பந்தி.

வேண்டியவர்களுக்கு அள்ளிப் போடக்கூடாது என்று இந்த வருடம் திரையில் முகமோ எண்ணோ காட்டுவதில்லை. ஆளுக்கொரு நிறத்தில் உருவங்கள்தான் ஓடும்.

"அந்த மஞ்சளைப் பாருங்க சம்பந்தி, பந்தை என்னமா பங்கு வைக்குது. நம்ம வீட்டுப் பிள்ளை இதுகிட்ட கத்துக்கணும்" என்று காமாட்சிநாதன் பத்துக்கு ஒன்பது போட்டார். பச்சைதான் தன் மகள் என்று முடிவுகட்டியிருந்த ராசாங்கம், முதுகு வளையாமல் உட்கார்ந்தபடி பச்சைக்குப் பத்து போட்டார்.

ஆட்டம் முடிந்ததும் முகங்கள் தெரிந்தன. மஞ்சள்தான் தேன்மொழி. அணியில் அவள் இடம் நிலைத்தது. காமாட்சிநாதன் காபி கேட்டார். ராசாங்கத்துக்கு நான்கு வருடப் பாரம் நெஞ்சிலிருந்து இறங்கியது.

பெற்ற அப்பனே மஞ்சளுக்கு மூன்றுதான் போட்டார் என்று ஊரில் ஒரு பேச்சு. அது பொய். நான்கு போட்டார்.