நாலாவது காயில்

ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்து அவள் நகத்தை ஊதிக்கொண்டிருந்தாள். பானெட்டைத் திறந்து உள்ளே தலையை விட்டிருந்த கணவனுக்கு நகப்பூச்சு வாடை எட்டியதும் எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

"இங்க ஒருத்தன் கிரீஸ்ல குளிச்சிட்டிருக்கேன், மகாராணிக்கு நெயில் பாலிஷ் கேக்குதா? அதுவும் கலரே இல்லாத பாலிஷ்! பூசினா என்ன, பூசாட்டி என்ன?"

"காயணும்ல, அதான் ஊதுறேன்."

"வாயை மூடு. நான் சொன்னதும் சாவியைத் திருப்பு, அது போதும்."

சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே கதவு, இரண்டே சீட்டு. கல்யாணத்துக்கு முன்பே பழசாகிவிட்ட வண்டி. அவனுடைய பெருமை மட்டும் பழசாகவில்லை. ஞாயிற்றுக்கிழமை துடைப்பதற்கு மனைவி வேண்டும். ஆனால் அவள் விரல் ஸ்டியரிங்கில் பட்டுவிடக் கூடாது.

தெருமுனை பேக்கரி அக்கா ஒருநாள் அவளைக் கூப்பிட்டு, "ரொட்டி வேன் ஓட்ட ஆள் வேணும்மா. ரெண்டு மாசத்துக்குள்ள லைசென்ஸோட வந்தா வேலை உனக்குத்தான். இல்லேன்னா வேற ஆளைப் போட்டுடுவேன்" என்றாள். அன்று சாயங்காலமே இவள் தயங்கித் தயங்கிக் கணவனிடம் கேட்டாள். "எனக்குக் கார் ஓட்டக் கத்துக்குடுக்கிறீங்களா?"

அவன் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் எழுந்து குரைத்தது. "நீயா? தையல் மெஷினையே உனக்கு நேரா ஓட்டத் தெரியாது. ஓடுற வண்டியைத் தொட்டுராதே, சொல்லிட்டேன்!"

சொல்லி ஒரு வாரம்கூட ஆகவில்லை, வண்டி படுத்துவிட்டது. சரிசெய்து சரிசெய்து, இன்று மூன்றாவது தடவையாகப் படுத்திருந்தது.

படுத்த வண்டியைச் சோதிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சாவியைத் திருப்ப, ஒருவர் தீப்பொறி வருகிறதா என்று பார்க்க. எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் அவரிடம்தான், என் வண்டி நின்றதாகச் சரித்திரமே இல்லை என்று வாய் கிழியப் பேசியிருந்தான். மிச்சம் இருந்தது மனைவி.

"திருப்பு!"

திருப்பினாள். என்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. தீப்பொறிக்கு மின்சாரம் ஏற்றித் தரும் காயிலிலிருந்து வரும் தடித்த வயரின் முனையை இரும்புக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தான். பொறி இல்லை. காயிலுக்குள் போகும் சின்ன வயரை உருவி, அதன் முனையில் டெஸ்ட் விளக்கை வைத்தான். பளிச்சென்று எரிந்தது.

"கரண்ட் வருது, பொறி வரல. அப்போ செத்தது யாரு? காயில்! இதுக்குப் பேருதான் மூளை. உனக்கு எங்க புரியப்போகுது!"

"இதோட மூணு காயில் ஆச்சுங்க."

"கடைக்காரன் திருட்டுப்பய. டூப்ளிகேட்டைத் தலையில கட்டுறான்."

வாங்கி வைத்திருந்த நாலாவது காயிலை மாட்டினான். முதல் திருப்பிலேயே என்ஜின் உறுமியது. எப்போதும் அப்படித்தான். புதுசு மாட்டினால் ஓடும். சில நாள் கழித்து ஒரு காலையில் வந்து பார்த்தால் பிணம்.

ஓட ஓடச் சூடேறித்தான் காயில் சாகிறது என்பது அவனுடைய கண்டுபிடிப்பு. அதை நிரூபிக்க, வண்டி ஓடும்போதே காயிலின் மின்சாரத்தை மீட்டரில் பார்க்க வேண்டும். ஆகவே பானெட்டிலிருந்து ஜன்னல் வழியாக வயரை இழுத்து, மீட்டரை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து சீட்டில் அவன். வேறு வழியில்லாமல் ஸ்டியரிங்கில் அவள்.

கிடங்குகளுக்குப் பின்னால் இருந்த வெறும் சாலையில் வண்டி போனது. அவன் வாய் அதைவிட வேகமாகப் போனது.

"கிளட்சை மெதுவா விடு. மெதுவான்னா மெதுவா! கண்ணாடியைப் பார்த்துட்டுத் திருப்பு, எருமை. ஏத்தத்துல நிறுத்தினா இப்படியா பின்னாடி உருளவிடுவாங்க? ஹேண்ட்பிரேக்கைப் போட்டு எடு, மரமண்டை!"

"மறுபடியும் எடுக்கவாங்க?"

"எடு, எடுத்துக்கிட்டே இரு. அப்போதான் காயில் சூடாகும்."

அவள் எடுத்துக்கொண்டே இருந்தாள். சந்துக்குள் ரிவர்ஸில் நுழைப்பதையும் இரண்டு வண்டிகளுக்கு நடுவில் நிறுத்துவதையும் திட்டித் திட்டியே சொல்லிக்கொடுத்தான். மீட்டர் முள்தான் கடைசிவரை அவன் பேச்சைக் கேட்கவில்லை.

நாலாவது காயில் சாகவே இல்லை. வாரம் ஒன்று போய், இன்னொன்றும் போயிற்று. வண்டி காலையில் கூப்பிட்ட குரலுக்கு எழுந்தது. அவனுக்குத் தலைகால் புரியவில்லை. செத்த மூன்று காயில்களையும் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்காரரை வாசலுக்கே வரவழைத்துவிட்டான்.

"எந்த மெக்கானிக்கும் தொடல சார். எல்லாம் நானே கண்டுபிடிச்சேன். இதெல்லாம் சூட்டுல செத்தது."

எதிர்வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒன்றை உற்றுப் பார்த்தார். "சின்ன வயர் மாட்டுற தகட்டுல ஏதோ தோல் மாதிரி இருக்கே, சார்?"

நகத்தால் சுரண்டினார். நிறமில்லாத மெல்லிய ஏடு ஒன்று உரிந்து வந்தது. அடுத்ததிலும் உரிந்தது. மூன்றாவதிலும்.

"இது வழியா கரண்ட் எப்படிப் போகும்? காயில் நல்லாத்தான் சார் இருக்கும்" என்றார் அவர்.

கணவன் மெதுவாகத் திரும்பினான். வாசற்படியில் அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். விரலில் பேக்கரி வேனின் சாவி தொங்கியது. நகங்கள் வெறுமையாக இருந்தன.

"ஏய், இதுல என்னடி பூசியிருக்கு?"

"லைசென்ஸ் வந்துடுச்சுங்க, இனிமே பூச மாட்டேன்."